பல்லைப் பிடுங்கும் முன் பில்லைப் பாருங்கள்

கேள்வி: பாம்பனில் வசிக்கிறேன். கணவர் விசைப்படகுக்குப் போகிறவர். போன வருடம் தடைக்காலத்தில், மே மாதம், ராமநாதபுரத்தில் ஒரு கிளினிக்கில் கீழ் வலது கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்து, செராமிக் வைத்தார்கள். தோட்டை அடகு வைத்து 14,500 ரூபாய் கட்டினேன். பில்லில் ‘ஆன்லே’ என்று போட்டிருக்கிறது. ஜனவரியில் நண்டு சாப்பிடும்போது நாக்குப் பக்கத்துச் சுவரோடு செராமிக்கும் பெயர்ந்து வந்துவிட்டது. ‘நண்டைக் கடிச்சேன் டாக்டர், உடைஞ்சிருச்சு’ என்று அன்றே வாட்ஸ்அப்பில் சொன்னேன். நேரில் போனால் மதியம் வரை காக்க வைத்து, எல்லார் முன்னாலும் கேவலமாகப் பேசினார்கள். 6,000 தருகிறோம், கையெழுத்துப் போடு என்கிறார்கள். மதுரை டாக்டர், ‘குழியை மட்டும்தான் அடைத்திருக்கிறார்கள், மேலே மூடவே இல்லை’ என்கிறார். அடுத்த வாரம் பல்லை எடுக்கச் சொல்கிறார். போலீசுக்குப் போய், 5 லட்சம் நஷ்டஈடு கேட்கலாமா?

பதில்: சகோதரி, காக்க வைத்ததும் பேசியதும் மனதைச் சுடும். வழக்கில் அதற்கு எடை இல்லை. போலீசையும் விட்டுவிடுங்கள். ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, மருத்துவர் மேல் குற்ற வழக்கு நிற்க மிக மோசமான அலட்சியம் இருக்க வேண்டும். அதற்கு வேறொரு மருத்துவரின் கருத்தும் வேண்டும். பல் மருத்துவ கவுன்சிலில் புகார் கொடுக்கலாம், ஆனால் அங்கே பணம் வராது. நஷ்டஈடு கேட்கும் இடம் மாவட்ட நுகர்வோர் ஆணையம்.

பல் உடைந்தது என்பதும் உங்கள் வழக்கு அல்ல. ஒழுங்காக வைத்த செராமிக்கும் சில நேரம் உடையும். உடைந்ததாலேயே அலட்சியம் என்று எந்த ஆணையமும் சொல்லாது. நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில்தான் எல்லாம் இருக்கிறது: பில்லில் ஆன்லே, வாயில் இன்லே.

இன்லே என்பது பல்லின் முகடுகளுக்கு நடுவே உள்ள குழிக்குள் மட்டும் உட்காருவது. ஆன்லே முகட்டையும் சேர்த்து மூடும். அதற்காக முகட்டை ஏறக்குறைய ஒன்றரை முதல் 2 மில்லிமீட்டர் வரை குறைத்து இடம் விடுவார்கள். வேர் சிகிச்சை செய்த கடைவாய்ப் பல்லில் சுவர் பலவீனமாக இருக்கும். முகட்டை மூடாமல் குழியை மட்டும் அடைத்தால், கடிக்கும்போதெல்லாம் அது விறகில் இறக்கிய ஆப்பு மாதிரி சுவரை விலக்கும். உங்கள் பல் பிளந்த விதமும் அப்படித்தான் தெரிகிறது. காசு வாங்கியது ஒன்று, வைத்தது வேறு என்றால் அது சேவைக் குறைபாடு. மருத்துவர் திறமையைப் பற்றிய நீண்ட வாதத்துக்குள் போகாமலே இதை நிரூபிக்கலாம்.

நிரூபிக்கப் பல் இருக்க வேண்டும். எனக்குப் பயம் இங்கேதான். வலி தாங்காமல் பல்லை எடுத்துவிட்டு, பிறகு வழக்குப் போடுகிறவர்கள் வெறும் பில்லோடு வந்து நிற்கிறார்கள். எதிர்த்தரப்பு, ‘ஆன்லேதான் வைத்தோம், நண்டு ஓட்டைக் கடித்து உடைத்துக்கொண்டார்’ என்று ஒரே வரியில் பதில் போடும். உங்கள் வாட்ஸ்அப் செய்தியே அவர்களுக்குச் சாட்சி. அதை அழிக்க வேண்டாம். அழித்தாலும் அவர்கள் போனில் இருக்கும். பல்லால் நண்டு ஓட்டை உடைத்தீர்களா, சதையை மென்றீர்களா என்பதை உள்ளபடி எழுதுங்கள். ஓடு என்றால் தொகை குறையலாம். பொய் என்று தெரிந்தால் மொத்தமும் போகும்.

அதனால் பல்லை எடுக்கும் முன், மதுரை டாக்டரிடம் மேலிருந்தும் பக்கவாட்டிலும் போட்டோ, எக்ஸ்ரே, ஒரு அச்சு எடுக்கச் சொல்லுங்கள். எந்தப் பல், எந்த முகடு மூடப்படவில்லை என்று தேதி, கையெழுத்து, பதிவு எண்ணோடு எழுதி வாங்குங்கள். வாய்மொழிக் கருத்து ஆணையத்தில் செல்லாது. வீக்கமோ காய்ச்சலோ இருந்தால் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். இந்தப் பதிவுகளுக்கு அரை மணி நேரம் போதும்.

பெயர்ந்த துண்டை ஒட்டவோ கழுவித் தேய்க்கவோ வேண்டாம். சிமெண்ட் பல்லின் பக்கம் நிற்கிறதா, செராமிக்கின் பக்கம் நிற்கிறதா என்பதை வைத்தே ஒட்டும்போது எச்சில் பட்டு ஈரமானதா, செராமிக்கைச் சரியாகப் பதப்படுத்தவில்லையா என்று நிபுணர் சொல்ல முடியும். சின்ன டப்பாவில் போட்டு வையுங்கள். ‘லேபுக்கு அனுப்பிப் பார்க்கிறோம்’ என்று கிளினிக்கில் கேட்டால் கொடுக்காதீர்கள்.

வழக்குக்கு முன் கிளினிக்குக்கு அனுப்பும் நோட்டீசில் கேஸ் ஷீட், ஒப்புதல் படிவம், முன்பின் எக்ஸ்ரே ஆகியவற்றோடு லேப் ஸ்லிப்பின் நகலையும் கேளுங்கள். பல் எண்ணைப் போட்டு (கீழ் வலது முதல் கடைவாய்ப் பல் என்றால் 46), பக்கத்தில் இன்லேயா ஆன்லேயா என்று எழுதித்தான் லேபுக்கு அனுப்பியிருப்பார்கள். பெரும்பாலான நோட்டீஸ்களில் இதைக் கேட்க மறந்துவிடுகிறார்கள்.

காலக்கெடு 2 வருடம். உடைந்த நாளிலிருந்து என்று வாதிடலாம்தான். நீங்கள் பொருத்திய மே மாதத்திலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள். சமரசப் பேச்சு நடப்பதால் கெடு நிற்காது. நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் ஆணையத்தில் கட்டணமும் இல்லை.

இத்தனையும் சொல்லிவிட்டு வெளிப்படையாகச் சொல்கிறேன்: சமரசம் செய்துகொள்ளுங்கள். 14,500 ரூபாய் பல்லுக்கு 5 லட்சம் கிடைக்காது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் பாலம் தாண்டி ராமநாதபுரம் வந்து போக ஒரு நாள் போய்விடும். 14,500-க்குக் கீழே இறங்காதீர்கள்; புதுப் பல்லின் செலவையும் சேர்த்து 25,000 கேளுங்கள், 20,000 வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய மனுவாகப் போட்டு, மக்கள் நீதிமன்றத்தில் முடித்தால் அந்த உத்தரவு சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம்.

அந்த 6,000 ரூபாய்க் காகிதத்தில் மட்டும் இப்போது கையெழுத்துப் போடாதீர்கள். ‘சிகிச்சையில் குறை எதுவும் இல்லை, முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்’ என்ற வரி அதில் இருந்தால், மீதிப் பணத்துக்கான வழியைப் பெரும்பாலும் நீங்களே அடைத்ததாக ஆகிவிடும். எதில் கையெழுத்துப் போட்டாலும் தொகை, தேதி, எதற்காக என்ற மூன்றும் அதில் இருக்கட்டும்; பணம் வங்கிக் கணக்கில் வரட்டும். அசல் பில்லைக் கேட்பார்கள். ஜெராக்ஸ் கொடுங்கள்.