தனியாகப் போகலாமா, செவன் சிஸ்டர்ஸ்?

கேள்வி: எனக்கு 41 வயது. லண்டன் பக்கம் க்ராய்டனில் இருக்கிறோம். சனிக்கிழமையும் வேலை என்பதால் எனக்குச் செவ்வாய்தான் விடுமுறை. செவன் சிஸ்டர்ஸ் வெள்ளைப் பாறைகளை ஒட்டிச் சீஃபோர்டிலிருந்து ஈஸ்ட்போர்ன் வரை நடக்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. கணவருக்கு நடை என்றாலே ஆகாது. தோழிகளுக்கு லீவு ஒத்துவரவில்லை. மே மாதத்தில் ஒரு நாள் நான் மட்டும் போய்வரலாமா? வழி தவறினால், யாராவது தொந்தரவு செய்தால் என்ன செய்வது? ஏழு மணிக்குள் வீடு திரும்ப வேண்டும். திருச்சியில் இருக்கும் அம்மாவிடம் சொன்னதற்கு, "ஒத்தையா மலை உச்சியில உனக்கு என்ன வேலை?" என்கிறார்.
- பெயர் வேண்டாம், க்ராய்டன்

பதில்: தாராளமாகப் போகலாம். தோழிகளுக்கு லீவு கிடைக்கட்டும் என்று காத்திருந்தால் மே போய் நவம்பர் வந்துவிடும். நவம்பரில் நாலரை மணிக்கெல்லாம் இருட்டு.

முதலில் அந்தத் 'தொந்தரவு' பயம். இங்கிலாந்தின் கடலோர நடைபாதைகளில் தனியாக நடக்கும் பெண்ணை யாரும் வினோதமாகப் பார்ப்பதில்லை. முதுகுப்பையும் ஊன்றுகோலுமாக, ஓய்வுபெற்ற வயதுப் பெண்கள் உங்களை முந்திக்கொண்டு போவார்கள். எதிரே வருபவர் 'மார்னிங்' என்பார், நீங்களும் 'மார்னிங்' சொன்னால் போதும். வழி தவறுவதும் அங்கே அவ்வளவு எளிதில்லை. மேற்கிலிருந்து கிழக்கே நடக்கும்போது கடல் கடைசிவரை வலக்கைப் பக்கம்தான். இந்தத் திசையில் நடப்பதையே நான் சிபாரிசு செய்வேன். அங்கே பெரும்பாலும் தென்மேற்குக் காற்று, அது முதுகில் தள்ளும். எதிர்த்திசையில் போனால் நாள் முழுக்க முகத்தில் அறையும்.

அந்தக் கவலையை அப்படியே எடுத்துப் பாறை விளிம்பில் வையுங்கள். அங்கேதான் அது தேவை.

மேலே நிற்கும்போது விளிம்பு ஆபத்தாகவே தெரியாது. ஆடு மேய்ந்து ஒட்ட வெட்டிய பசும்புல் வானம் வரை போய் நிற்கும், அவ்வளவுதான். வேலி கிடையாது. ஆனால் அந்தப் புல்லுக்கு அடியில் இருப்பது சுண்ணாம்புப் பாறை. டைனோசர் காலத்துக் கடலில் மிதந்த நுண்ணுயிர்களின் ஓடுகள் படிந்து படிந்து உருவானது, கையால் தேய்த்தாலே வெள்ளையாக ஒட்டும். அலை அதன் அடியை அரிக்க அரிக்க, மேலே ஒரு விளிம்பு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். பிறகு ஒரு நாள் முன்னறிவிப்பு இல்லாமல் மொத்தமாகச் சரியும். அப்படி ஓயாமல் சரிந்து புது முகம் காட்டிக்கொண்டிருப்பதால்தான் இந்தப் பாறைகள் இவ்வளவு வெள்ளை. சினிமாக்காரர்கள் டோவர் பாறைகளைக் காட்ட இங்கே வந்து படமெடுப்பதும் அதனால்தான். படத்துக்காக விளிம்பில் போய் நின்றும் குதித்தும் உயிரைவிட்டவர்கள் உண்டு. குறைந்தது 5 மீட்டர் தள்ளி நடங்கள். புல்லில் ஒரு கீறல்போலத் தெரிந்தாலும் அதற்கு அந்தப் பக்கம் கால் வைக்காதீர்கள். செல்ஃபிக்காகப் பின்னால் ஓரடி நகர்வது கூடவே கூடாது. தனியாகப் போகிறவருக்கு 'ஏய், பாத்து' என்று சொல்லக் கூட ஆளில்லை.

அடுத்தது அலை. பாறைக்கு மேலே நடக்காமல் கீழே கடற்கரை வழியாகவே போய்விடலாம் என்று சிலருக்குத் தோன்றும். செவன் சிஸ்டர்ஸின் மேற்கு முனையான குக்மியர் ஹேவனுக்கும் கிழக்கு முனையான பர்லிங் கேப்புக்கும் நடுவே மேலே ஏற வழியே இல்லை. கடல் ஏறினால் முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. போதாததற்குத் தலைக்கு மேலே எப்போது விழுமோ என்ற பாறை. அந்த யோசனையே வேண்டாம்.

சரி, வழிக்கு வருவோம். ஈஸ்ட் க்ராய்டனில் ஏழரை மணி வாக்கில் லூயிஸ் போகும் ரயிலைப் பிடியுங்கள். லூயிஸில் மாறினால் சீஃபோர்ட். ஒன்பது, ஒன்பதேகாலுக்கு நடையை ஆரம்பித்துவிடலாம். கடற்கரைச் சாலையில் இடதுபுறம் திரும்பினால் நேரே சீஃபோர்ட் ஹெட் ஏற்றம். அங்கே கழிப்பறை கண்ணில் பட்டால் விட்டுவிடாதீர்கள், அடுத்தது ஆற்றுப் பாலம் இருக்கும் எக்ஸீட்டில்தான். உச்சியைத் தாண்டிக் குக்மியர் பக்கம் இறங்கும்போது அந்தக் காட்சி வரும்: முன்னால் கடலோரக் காவலர்களுக்காகக் கட்டிய பழைய வீடுகள், பின்னால் 'ஏழு சகோதரிகள்' என்று பெயர் வைத்த அந்த வெள்ளைப் பாறைக் குன்றுகள் வரிசையாக. நாள்காட்டியிலும் தபால் அட்டையிலும் நீங்கள் பார்த்திருக்கும் படம் இதுதான். படம் எடுப்பதானால் இங்கே நின்று எடுங்கள். சகோதரிகளின் தலைமேல் ஏறிவிட்டால் அவர்கள் முகம் தெரியாது.

இந்த இடத்தில் எல்லாருக்கும் ஓர் ஏமாற்றம் காத்திருக்கிறது. எதிர்க்கரை இதோ, கல்லெறி தூரத்தில். ஆனால் குக்மியர் ஆற்றின் முகத்துவாரத்தில் பாலம் இல்லை. தண்ணீர் வற்றிய நேரத்தில் சிலர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்குவார்கள். நீங்கள் இறங்காதீர்கள். ஆற்றோரமாகவே உள்ளே போய் எக்ஸீட் பாலத்தைக் கடந்து, மறுகரையில் திரும்பி வர வேண்டும். எப்படியும் ஒரு மணி நேரம் கூடுதல். வளைந்து வளைந்து போகும் ஆறு, சேற்றில் கொக்கு. எனக்கென்னவோ இந்தச் சுற்று பிடிக்கும், காலுக்கு இதுதான் கடைசிச் சமதளம். எக்ஸீட்டில் கழிப்பறை, காபி இரண்டும் உண்டு. இரண்டையும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். இதற்குப் பிறகு பர்லிங் கேப் வரை குழாய் கிடையாது, நிழல் கிடையாது, ஒதுங்க ஒரு புதர் கூடக் கிடையாது.

முதல் ஏற்றமான ஹேவன் ப்ரௌதான் சகோதரிகளில் உயரமானது, 77 மீட்டர். கேட்டால் சின்னதாகத் தோன்றும். ஏறி மூச்சு வாங்கி நிமிர்ந்தால் உடனே இறக்கம், உடனே அடுத்த ஏற்றம். எண்ணிக்கொண்டே போனால் ஏழுக்குப் பதில் எட்டு வரும். உங்கள் கணக்கு தப்பில்லை, பெயர் வைத்தவர்கள் ஒரு சின்ன மேட்டைச் சேர்க்கவில்லை. மழை பெய்த மறுநாளானால் இறக்கங்களில் சுண்ணாம்பு, கிரைண்டரிலிருந்து வழித்த மாவைப் போல ஷூவுக்கடியில் வழுக்கும். அதனால் அடியில் நல்ல பிடிப்புள்ள, ஏற்கெனவே போட்டுப் பழகிய ஷூ போதும். இந்த நடைக்கென்று புதிதாக வாங்கிப் போட்டுக்கொண்டு போகாதீர்கள், மூன்றாவது சகோதரியிலேயே கொப்புளம் வந்துவிடும். தண்ணீர் 2 லிட்டர், காற்று புகாத ஜாக்கெட், வெயிலுக்கு க்ரீம், காற்றில் பறக்காத தொப்பி. சாப்பாட்டுக்குப் புளிசாதத்தை மிஞ்ச ஒன்றுமில்லை. உருளைக்கிழங்கு வறுவலும் வைத்துக்கொண்டால் உங்கள் பாடு கொண்டாட்டம்.

பர்லிங் கேப்பை ஒரு வாசல்படியாக நினைத்துக்கொள்ளுங்கள். நேஷனல் ட்ரஸ்ட் நடத்தும் கஃபே இருக்கிறது, தேநீரும் ஸ்கோனும் கிடைக்கும். கடலுக்கு இறங்கும் இரும்புப் படி திறந்திருந்தால் கொஞ்சம் இறங்கி மேற்கே திரும்பிப் பாருங்கள். நீங்கள் இவ்வளவு நேரம் நடந்து வந்த புல்லுக்கடியில் என்ன இருந்தது என்பது அங்கிருந்துதான் தெரியும். பக்கத்தில் ஒரு வரிசை வீடுகள் நிற்கின்றன. வரிசை முன்பு இன்னும் நீளம். கடல் நெருங்க நெருங்க ஒவ்வொன்றாக இடித்துவிட்டார்கள்.

இங்கே மணியைப் பாருங்கள். இரண்டுக்குள் வந்து, காலும் ஒத்துழைத்தால் மேலே நடக்கலாம். இரண்டைத் தாண்டிவிட்டால், அல்லது முட்டி முனகினால், யோசிக்காமல் இடப்பக்கம் சாலையில் சுமார் 2 கி.மீ. நடந்து ஈஸ்ட் டீன் போய்விடுங்கள். ஈஸ்ட்போர்ன் போகும் 12ஆம் நம்பர் பஸ் அங்கே வரும். இதில் தோல்வி ஒன்றும் இல்லை, சகோதரிகளை முடித்துவிட்டீர்கள். மொத்த நடை ஏறக்குறைய 22 கி.மீ. தினமும் ஒரு மணி நேரம் நடக்கும் பழக்கம் இருந்தால் முடியும். இல்லையென்றால் முன்னதாக இரண்டு மூன்று ஞாயிறு காலையில் 10, 12 கி.மீ. நடந்து பாருங்கள், உடம்பே பதில் சொல்லிவிடும்.

தொடர்ந்தால் அடுத்து வருவது பெல் டூட் கலங்கரை விளக்கம். இப்போது தங்கும் விடுதி. விளிம்பு நெருங்கிவிட்டது என்று 1999இல் இந்தக் கட்டடத்தை அப்படியே ஜாக்கி வைத்துத் தூக்கி 17 மீட்டர் உள்ளே நகர்த்தினார்கள். அதைத் தாண்டி நீளமான ஏற்றம், பீச்சி ஹெட். 162 மீட்டர், பிரிட்டனிலேயே உயரமான சுண்ணாம்புக் கடற்பாறை. கீழே கடலுக்குள் சிவப்பும் வெள்ளையுமாக நிற்கும் விளக்கு 1902இலிருந்து அங்கே இருக்கிறது. 2013இல் அதன் பட்டைகளுக்கு மறுபடி வண்ணம் பூசியது மக்கள் கொடுத்த நன்கொடையில். அதைப் பார்க்கிறேன் என்று எட்டிப் பார்க்க வேண்டாம், பாதை வளையும் இடங்களில் பக்கவாட்டிலிருந்தே நன்றாகத் தெரியும்.

பீச்சி ஹெட்டில் தனியாகப் போகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. மன வேதனையோடு அங்கே வருபவர்களைத் தேற்றிக் காப்பாற்றத் தன்னார்வலர்கள் சுற்றிவருவார்கள். தனியாக ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தால் ஒருவர் மெல்ல அருகில் வந்து 'நலமாக இருக்கிறீர்களா?' என்று கேட்கலாம். பயந்துவிடாதீர்கள். நடக்க வந்தேன், கால் வலிக்கிறது என்று சொல்லுங்கள், சிரித்துவிட்டுப் போவார்.

முதல் நாள் இரவே வானிலையைப் பாருங்கள். பலத்த காற்று எச்சரிக்கையோ மூடுபனியோ இருந்தால் அடுத்த செவ்வாய்க்குத் தள்ளிவிடுங்கள். போன் சார்ஜ் முழுதாக, கூடவே ஒரு பவர் பேங்க். ஆர்ட்னன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் ஓஎல் 25 வரைபடத்தில் இந்த நடையின் பெரும்பகுதி இருக்கிறது, சிக்னல் போனாலும் காகிதம் வேலை செய்யும். கணவரோடு லொகேஷனைப் பகிர்ந்துவிட்டு, எக்ஸீட்டிலும் பர்லிங் கேப்பிலும் ஒரு வரிச் செய்தி அனுப்புங்கள். கடலோரத்தில் யாருக்கு எது நேர்ந்தாலும் 999 அழைத்துக் கோஸ்ட்கார்டு (கடலோர மீட்புப் படை) என்று கேளுங்கள்.

அம்மாவிடம் மறைக்க வேண்டாம். ஆனால் 'மலை உச்சி' என்று நீங்கள்தானே சொல்லியிருப்பீர்கள்? கடலோரமாகப் புல்வெளியில் நடக்கப் போகிறேன், நடுவில் டீக்கடை இருக்கிறது, ஆட்கள் நடமாட்டம் இருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். எல்லாமே உண்மை. பர்லிங் கேப்பிலிருந்து ஒரு வீடியோ காலும் போட்டுவிடுங்கள், அங்கே இணைப்புக் கிடைத்தால். திருச்சியில் அப்போது மாலை காபி நேரம் தாண்டியிருக்கும், நிதானமாகப் பார்ப்பார்.

டிக்கெட் எடுக்கும்போது கவனம், லண்டன் பயணத்துக்கான ஆய்ஸ்டர் அட்டை அவ்வளவு தூரம் செல்லாது. போவது சீஃபோர்டுக்கு, திரும்புவது ஈஸ்ட்போர்னிலிருந்து என்பதைக் கவுன்டரில் சொல்லியே கேளுங்கள். ஈஸ்ட்போர்னுக்குப் போய்வரும் டிக்கெட் ஒன்று, லூயிஸிலிருந்து சீஃபோர்டுக்குத் தனியாக ஒன்று என எடுப்பது பெரும்பாலும் மலிவாக வரும். திரும்பும்போது லண்டன் விக்டோரியா போகும் ரயில், ஈஸ்ட் க்ராய்டன் வரை மாற வேண்டியதில்லை. ஐந்து மணியை ஒட்டி ஏறிவிட்டால் ஏழுக்குள் வீடு. உட்கார்ந்ததும் போனில் அலாரம் வைத்துவிடுங்கள். 22 கி.மீ. நடந்தவரை க்ராய்டன் அறிவிப்பு எழுப்பாது, கண் விழித்தால் விக்டோரியாவாக இருக்கும்.