பதில்: ஏற்காடு போகும் வழியில் மிசோரம் நண்பனிடம் மட்டும் பாஸ்போர்ட் கேட்டார்கள்

ஏற்காடு போகும் வழியில் போலீஸ் உங்கள் வண்டியை நிறுத்தி, மிசோரம் நண்பரிடம் மட்டும் பாஸ்போர்ட் கேட்டு, அவர் பையை மட்டும் கொட்டிப் பார்த்ததாக எழுதியிருந்தீர்கள். வண்டியை நிறுத்தியதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பாதையில் வண்டிகளை நிறுத்துவது வாடிக்கைதான். சீருடையில் இருக்கும் போலீஸ் லைசென்ஸ் கேட்டால் காட்ட வேண்டும், மோட்டார் வாகனச் சட்டம் 130ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது (டிஜிலாக்கரில் காட்டினாலும் செல்லும்). 'சாதாரண செக்கிங்தானே' என்று உங்கள் ரூமில் சொல்பவர்கள் இதுவரைக்கும் சரி.

ஆனால் ஓட்டியது நீங்கள். உங்கள் லைசென்ஸைப் பார்த்துவிட்டு, பின்னால் உட்கார்ந்திருந்தவரிடம் பாஸ்போர்ட் கேட்டிருக்கிறார்கள். சேலத்திலிருந்து ஏற்காடு போக இந்தியக் குடிமகனுக்குப் பாஸ்போர்ட் எதற்கு? முகத்தைப் பார்த்து வந்த கேள்வி அது. கஞ்சா சந்தேகமாக இருக்கலாம் என்றும் ரூமில் சொல்கிறார்கள். சரி, அப்படியென்றால் அதே வண்டியில் இருந்த உங்கள் பையையும் அல்லவா கொட்டியிருக்க வேண்டும்? இனம், பிறப்பிடம் பார்த்து அரசு பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது அரசியல் சாசனத்தின் 15ஆவது பிரிவு. அந்தப் போலீஸ்காரர் மரியாதையாகப் பேசினார் என்பதால் இது மாறிவிடாது.

புகார் கொடுப்பதா என்பதை நண்பர்தான் முடிவு செய்ய வேண்டும். முதலில் அவரிடம் கேளுங்கள். கொடுப்பதானால் நேரம், கேட்ட வார்த்தைகள், உங்களுக்கு முன்னால் போன வண்டிகளை என்ன செய்தார்கள் எல்லாவற்றையும் இன்றைக்கே எழுதி வையுங்கள். அங்கே கேமரா இருந்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் உடனே பதிவைக் கேளுங்கள், தாமதித்தால் அழிந்துவிடும். அப்புறம் இடம் மாநகர எல்லையா என்று பார்த்து கமிஷனருக்கோ எஸ்.பி.க்கோ மனு. மாநில மனித உரிமை ஆணையத்துக்குப் போவதென்றால் ஒரு வருடத்துக்குள் போக வேண்டும்.