இரண்டே தையலில் தலையணை உறை: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

பழைய வண்ணாரப்பேட்டையில் வீட்டிலிருந்தபடியே தையல் வேலை செய்துவருகிறேன். தையல் இயந்திரம் இல்லாமல் சோபா தலையணைக்கு அழகான உறை தைப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அக்கா, ஊசியில் நூல் கோப்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. 16 அங்குலத் தலையணைக்கு நானே உறை தைக்க முடியுமா? (ராயபுரம்)

தாராளமாக முடியும் அம்மா. கரை போட்ட பழைய பருத்திப் புடவை ஒன்றை எடுங்கள். அதன் அகலம் ஏறக்குறைய 45 அங்குலம் இருக்கும். நீளவாக்கில் 17 அங்குலம் அளந்து ஓரத்தில் சிறிது வெட்டி, அந்த இடத்தில் ஒரே ஒரு நூலைப் பிடித்து மெதுவாக இழுங்கள். நூல் போன வழியில் மெல்லிய கோடு விழும். அதன்மேல் கத்தரியை ஓட்டினால், எந்த அளவுகோலும் தராத நேர்க்கோடு கிடைக்கும்.

துண்டின் நல்ல பக்கம் மேலே தெரியும்படி தரையில் விரியுங்கள். ஒரு கரைப் பக்கத்தை 14 அங்குலம் உள்ளே மடியுங்கள். மறுபக்கத்தை அதன்மேல் 15 அங்குலம் மடியுங்கள். இப்போது அகலம் 16 அங்குலம் ஆகிவிடும். மேலும் கீழும் உள்ள வெட்டிய ஓரங்களில் குண்டூசி குத்தி, அரை அங்குலம் உள்ளே தள்ளி நேராகத் தையுங்கள். தையல் இந்த இரண்டுதான். கரை ஓரம் பிசிறாது என்பதால் உறையின் வாயை மடித்து அடிக்கவே வேண்டாம்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: தைத்து முடித்ததும் உறையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்ப வேண்டும்; முதலில் மடித்த பக்கம்தான் அப்போது வெளியே வரும். எந்தக் கரை கண்ணுக்குத் தெரிய வேண்டுமோ, அதை முதலில் மடியுங்கள். பலர் தவறுவது இந்த இடத்தில்தான். தைத்து முடித்துத் திருப்பினால், ஆசைப்பட்ட கரை உள்ளே போய்விட்டிருக்கும்.

இரட்டை நூல் போடுங்கள். நான்கைந்து தையலுக்கு ஒருமுறை ஊசியைப் பின்னால் கொண்டுவந்து குத்தினால் பிரியாது. மடிப்பின் முனை வந்து முடியும் இடத்தில் மூன்று முறை குத்துங்கள். தலையணையை நுழைக்கும்போது இழுபடுவது அங்கேதான்.

ஜிப் வைத்தால்தானே கடையில் வாங்கியதுபோல இருக்கும்? (காசிமேடு)

கடலோரத்தில் இருக்கிறீர்கள். உப்புக் காற்றில் உலோக ஜிப் துருப்பிடித்து, துவைக்கும்போது துணியில் பழுப்புக் கறை இறங்கும். அந்தக் கறை எளிதில் போகாது. மேலே சொன்ன மடிப்பு உறைதான் உங்கள் வீட்டுக்கு ஏற்றது.

கட்டம் போட்ட கைலித் துணியில் தைக்கலாமா?

மிக நன்றாக இருக்கும். சென்னைக் கட்டத் துணி ஒரு காலத்தில் மேற்கு ஆப்பிரிக்கா வரை கப்பலேறிப் போனது. கட்டத்தின் கோடே அளவுகோலாக உதவும். ஆனால் வெட்டுவதற்கு முன்பே தனியாக ஊறவைத்து அலசுங்கள். துணி சுருங்குவதும் சாயம் போவதும் அப்போதே தெரிந்துவிடும். லேசாகக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்தால் தைக்கும்போது துணி நழுவாது.

பாட்டியின் இலவம்பஞ்சுத் தலையணைக்குப் புது உறை போட்டேன், பஞ்சு வெளியே வருகிறது.

அலங்கார உறையின் குறையல்ல. உள்ளுறையின் நெசவு தளர்ந்துவிட்டது. நெருக்கமாக நெய்த கெட்டித் துணியில் முதலில் உள்ளுறை தைத்து, வாயை முழுவதும் மூடிவிடுங்கள்.

அறையில் ஊசிகூட இல்லை அக்கா. வேறு வழி? (தண்டையார்பேட்டை)

இருக்கிறது தம்பி. ஒரு மீட்டர் சதுரமான துப்பட்டாத் துணியைச் சாய்சதுரமாக விரித்து நடுவில் தலையணையை வையுங்கள். எதிரெதிர் முனைகள் இரண்டை மேலே மடித்துச் செருகி, மற்ற இரண்டையும் நடுவில் முடிச்சுப் போடுங்கள். முடிச்சே பூப்போல நிற்கும்.

மறைந்த அம்மாவின் புடவை இருக்கிறது. வெட்ட மனம் வரவில்லை, ஆனால் தினமும் கண்ணில் படவும் ஆசை.

முந்தானையைத் தொடாதீர்கள். இடுப்பில் செருகும் உள்முனையிலிருந்து 17 அங்குலம் மட்டும் எடுங்கள். ஃபால்ஸ் தைத்திருந்தால் அந்த அளவுக்குப் பிரித்துவிடுங்கள். வெட்டுவதற்கு முன் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எங்கே வெளிச்சம் அதிகமாக ஊடுருவுகிறதோ அங்கே நூல் நைந்திருக்கிறது, அந்த இடத்தைத் தவிர்த்துவிடுங்கள். உள்ளே மெல்லிய வெள்ளைத் துணி ஒன்றைச் சேர்த்துத் தைத்தால் இழை தாங்கும். மீதிப் புடவையை மடித்து வைத்துக்கொள்ளுங்கள், முந்தானை முழுதாக அப்படியே இருக்கும்.