ஒழுங்கையில் வெள்ளம்: மோட்டார் வாங்க முன்னர் மழையில் ஒருமுறை நடந்து பாருங்கள்

கேள்வி: வெள்ளவத்தையில் கால்வாய்ப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில் குடியிருக்கிறோம். 36 வீடுகள், மேல் முனையில் புதிதாக ஒரு தொடர்மாடி. ஒரு மணித்தியாலம் அடித்துப் பெய்தால் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது, கான் தண்ணீரும் கலந்து வீட்டுக்குள் வருகிறது. மாநகர சபை ஆட்கள் வந்து கானைத் துப்பரவாக்கிவிட்டுப் போவார்கள். அடுத்த மழைக்கு அதே கதைதான். வீட்டுக்கு 5,000 ரூபாய் சேர்த்து மோட்டார் வாங்குவோம் என்று சிலர் சொல்கிறார்கள். ஒழுங்கையை உயர்த்தித் தரச் சொல்லிக் கடிதம் கொடுப்போம் என்கிறார்கள் மற்றவர்கள். எது நல்லது?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். ஒழுங்கையை உயர்த்தினால் வீட்டு வாசல்கள் பள்ளமாகிவிடும், தெருவில் நிற்கிற தண்ணீர் உள்ளே வந்து நிற்கும். மோட்டார் விடயம் கொஞ்சம் வேறு. கிருலப்பனைப் பக்கம் ஓர் ஒழுங்கைக்காரர் காசு சேர்த்து மோட்டார் வாங்கியது எனக்குத் தெரியும். முதல் மழைக்கே அவர்கள் இறைத்த தண்ணீர் பக்கத்து ஒழுங்கையில் போய் ஏறியது. பிள்ளைகளை ஒரே வானில் பாடசாலைக்கு அனுப்பிக்கொண்டிருந்த இரண்டு ஒழுங்கைக்காரரும் அதற்குப் பிறகு மாதக்கணக்கில் முகம் பார்க்கவில்லை. மோட்டாரில் பிழை இல்லை. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போக வேண்டும் என்று ஒருவரும் பார்க்காததுதான் பிழை.

நீங்கள் ஒழுங்கை என்று நினைப்பது வீட்டு இலக்கங்களை வைத்து. தண்ணீருக்கு அந்த எல்லை தெரியாது. உங்களுக்கு மேலே உள்ள கூரைகள், சீமெந்து முற்றங்கள், தொடர்மாடியின் வாகனத் தரிப்பிடம், உங்கள் கானுக்குள் வந்து விழும் பக்கத்துக் கான்கள் எல்லாம் சேர்ந்ததுதான் உங்கள் நீரேந்துப் பரப்பு. அதை முதலில் நீங்களே வரைய வேண்டும். இதற்குப் பொறியியலாளர் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

அடுத்த நல்ல மழைக்கு நாலைந்து பேர் குடையோடு இறங்குங்கள். ஒக்டோபர், நவம்பர் பின்னேர மழை இதற்கு நன்றாகப் பொருந்தும். ஒருவர் கையில் சோக்கட்டி, ஒருவர் கையில் கைத்தொலைபேசி. பத்து நிமிடத்துக்கு ஒருதடவை மதிலில் தண்ணீர் மட்டத்தைக் கோடிட்டு நேரத்தையும் எழுதுங்கள். வேறு இருவர் மேலே நடந்து, தொடர்மாடியின் கூரைப் பீலிகள் எதற்குள் விடப்பட்டிருக்கின்றன என்று பார்க்கட்டும். ஒருவர் கட்டாயம் கீழ் முனையில், கான் கால்வாயில் விழும் இடத்தில் நிற்க வேண்டும். அந்த ஆள்தான் முக்கியம். கானின் வாய்க்கு மேலே கால்வாய்த் தண்ணீர் ஏறி நிற்கிறதா, இல்லையா? மழை விட்டபின் ஒழுங்கைத் தண்ணீர் கால்வாயோடு சேர்ந்து இறங்குகிறதா, கால்வாய் இறங்கியும் உங்களிடம் மட்டும் நிற்கிறதா? நோய் எது என்பதை இந்த இரண்டு கேள்விகளே பிரித்துக் காட்டிவிடும்.

கால்வாய் தாழ்ந்திருக்கும்போதும் தண்ணீர் நிற்கிறதென்றால் குற்றம் உங்கள் கானில்தான். மழை விட்ட ஒரு நாளில் மேசன்மார் வைத்திருக்கும் மட்டக்குழாயை வாங்கிக்கொண்டு வாருங்கள். தெளிவான பிளாஸ்டிக் குழாய், உள்ளே தண்ணீர். இரண்டு முனையையும் கானின் இரண்டு இடங்களில் பிடித்தால் உள்ளே தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அந்த மட்டத்திலிருந்து கானின் அடிவரை இரண்டு இடத்திலும் அளந்து பாருங்கள். கீழ்ப் பக்க அளவு கூடுதலாக இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் கான் பின்பக்கம் சரிந்து கிடக்கிறது, எத்தனை தடவை துப்பரவாக்கினாலும் தண்ணீர் ஓடாது. இப்படிச் சரிந்த கான்களை நான் எத்தனையோ கண்டிருக்கிறேன். கார் ஏற்றுவதற்காகக் கானை மூடி, அடியில் நாலு அங்குலக் குழாய் ஒன்றை மட்டும் செருகி வைத்த வாசல்களையும் கண்டிருக்கிறேன். மதகுக்குள் குறுக்காகப் போகும் தண்ணீர்க் குழாயில் பொலித்தீனும் இளநீர்க் கோம்பையும் அடைத்துக் கிடக்கும். வெளியே நின்று பார்த்தால் தெரியாது, டோர்ச் அடித்துத்தான் பார்க்க வேண்டும்.

கால்வாயே ஏறி நின்றால் கதை வேறு. வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் கால்வாய்கள் கடலில் விழும் வாயை அலை மணல் கொண்டுவந்து மூடும். அதை வெட்டித் திறக்காவிட்டால் உங்கள் கான் எவ்வளவு சுத்தமாக இருந்தும் பயனில்லை. அப்படியான இடத்தில் கானின் வாய்க்கு ஒருவழிக் கதவு கேளுங்கள்; கான் தண்ணீரை வெளியே விடும், கால்வாய்த் தண்ணீரை உள்ளே விடாது. கதவு போட்டபின் மோட்டாருக்கு அர்த்தம் உண்டு. கதவில்லாமல் இறைத்தால் கால்வாய்த் தண்ணீரைத்தான் சுற்றிச் சுற்றி இறைப்பீர்கள்.

கால்வாய்க்குப் பின்னாலும் ஒரு கதை இருக்கிறது. பத்தரமுல்லை, ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டைப் பக்கத்துச் சதுப்பு நிலங்கள்தான் நகரின் மழையை முதலில் வாங்கிப் பிடித்து, மெல்ல மெல்லக் கால்வாய்க்கு விடுகின்றன. 2010 நவம்பரில் பாராளுமன்ற வளவுக்குள்ளேயே வெள்ளம் ஏறியதை நாங்கள் மறக்கவில்லை. 2018இல் கொழும்புக்கு, ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச ராம்சார் உடன்படிக்கையின் கீழ், ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது. அந்த நிலத்தில் ஒரு லொறி மண் கொட்டினால் அது வெள்ளவத்தைக்கும் கணக்குத்தான். யாராவது நிரப்புவதைக் கண்டால், அனுமதி உண்டா என்று இலங்கை காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்திடம் தயங்காமல் கேளுங்கள்.

இனிக் கணக்கு. ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர். வீட்டுக்கு 6 பேர்ச் என்று வைத்தால் 36 வீட்டுக்கும் 216 பேர்ச், அதாவது ஏறத்தாழ 5,460 சதுர மீற்றர். 50 மில்லிமீற்றர் பெய்தால் 2,73,000 லீற்றர், 10,000 லீற்றர் பவுசரில் 27 பவுசர். தொடர்மாடியும் மேல் ஒழுங்கைகளும் இதில் சேரவில்லை. ஒவ்வொரு வீடும் கூரைப் பீலிக்கு 1,000 லீற்றர் தாங்கி வைத்தால் 36,000 லீற்றர் பிடிக்கலாம், ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. வெள்ளத்தை அது நிறுத்தாது. முதல் அடியைத் தணிக்கும், தண்ணீர் பில்லையும் குறைக்கும். ஆனால் மழைக்கு முன்னர் தாங்கி வெறுமையாக இருக்க வேண்டும். வாயை வலையால் இறுக மூடுங்கள், நுளம்பு முட்டையிட இடம் கொடுக்காதீர்கள்.

வரைந்த படத்தோடு யாரிடம் போவது? ஒழுங்கைக் கான் மாநகர சபையுடையது. காலி வீதியும் அதன் கானும் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. கால்வாய் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்துடையது. மூன்றுக்கும் ஒரே கடிதம் கொடுத்தால் மூவரும் மற்றவரைக் காட்டுவார்கள். படத்தில் இலக்கமிட்டு, எந்த இலக்கம் யாருடையது என்று பிரித்து எழுதுங்கள். தமிழிலேயே எழுதுங்கள், அது உங்கள் உரிமை. தொடர்மாடிக்குக் கொடுத்த வடிகால் அனுமதியின் பிரதியை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தீர்மானிக்க வேண்டும்.

கூட்டத்தை உங்கள் 36 வீட்டோடு நிறுத்தாதீர்கள். தொடர்மாடியின் முகாமைத்துவக் குழுவையும் மேல் ஒழுங்கைக்காரரையும் கூப்பிடுங்கள். குற்றம் சொல்ல வேண்டாம், படத்தை மேசையில் விரித்து வைத்தால் போதும். தன் வீட்டுப் பீலியிலிருந்து கோடு எங்கே போகிறது என்று ஆளாளுக்கு விரல் வைத்துத் தேடத் தொடங்குவார்கள். 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீடமைப்புத் திட்டக் காலத்தில் கொழும்புத் தோட்டங்களில், அதாவது வசதி குறைந்தவர்களின் நெருக்கமான குடியிருப்புகளில், சனங்களே இப்படி உட்கார்ந்து திட்டம் போட்டார்கள். கானும் நடைபாதையும் கட்டும் ஒப்பந்தத்தைக்கூட அவர்களின் சங்கங்களே எடுத்துச் செய்தன. கொழும்புக்கு இது புதிய வித்தையல்ல.

சேர்க்கும் காசில் முதலில் மட்டக்குழாயும் ஒரு சின்னப் பேணி மஞ்சள் பெயின்ற்றும் வாங்குங்கள். சோக்கட்டிக் கோடு அடுத்த மழையில் அழிந்துவிடும்.