மழைக்கு முன் நான்கு நாள்

அன்புள்ள அண்ணா,

எனக்குச் சென்னையில் வேலை. ஆயுத பூஜைக்கு வியாழக்கிழமையும் சேர்த்து லீவு போட்டிருக்கிறேன். ஞாயிறு வரை நான்கு நாள் பட்டுக்கோட்டையில் இருப்பேன். ஒன்றரை வருடமாகத் தள்ளிப்போட்ட வேலைகளை ஒரு தாளில் எழுதினேன், பதினேழு வந்தது. அப்பாவின் பழைய ஸ்ப்ளெண்டருக்கு ஆயில் மாற்ற வேண்டும், செயின் சத்தம் போடுகிறது, வாட்டர் வாஷ் பண்ணி பாலிஷ் போட வேண்டும், பிரேக் எத்தனை தடவை டைட் வைத்தாலும் பிடிக்கவில்லை என்கிறார். கொல்லையில் நான்கு தென்னைக்கு உரம், மல்லிகைக்குக் கவாத்து, ஓட்டின்மேல் சாய்ந்து கிடக்கும் முருங்கை, தென்னை அடியில் கரையான். பழைய எஞ்சின் ஆயிலை அடியில் ஊற்றினால் கரையான் போய்விடும் என்கிறார் அப்பா. சரிதானா? ஒவ்வொரு லீவிலும் இந்தப் பட்டியலைப் பார்த்து மலைத்துப்போய் எதையும் தொடாமல் திரும்புகிறேன். எதில் தொடங்குவது?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் தாளில் பாலிஷும் பிரேக்கும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. பதினேழும் ஒரே எடையோடு நின்றால் யாருக்கும் மலைப்பாகத்தான் இருக்கும். ஐப்பசி அடைமழைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். அதற்குள் முடித்தே ஆக வேண்டியது எது, மழை ஓயும்வரை தொடவே கூடாதது எது என்று பிரித்துப் பாருங்கள்.

தென்னைக்கு உரம் என்பதைத் தாளிலிருந்து அடித்துவிடுங்கள். ஆனி ஆடியில் ஒரு பாதி, மார்கழி தை வாக்கில் மறு பாதி என்பதுதான் வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் கணக்கு. அடைமழைக்கு முன்னால் யூரியாவையும் பொட்டாஷையும் கொட்டினால் வாய்க்காலுக்குத்தான் போகும். மல்லிகையையும் அடியுங்கள். நவம்பர் கடைசியில், தரையிலிருந்து அரை மீட்டர் விட்டு வெட்டினால் போதும். பாலிஷ் எப்போது வேண்டுமானாலும் போடலாம்.

மிச்சத்தில் முதல் வேலை பிரேக். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் என் வண்டியிலும் இதே கதைதான். பின்சக்கர பிரேக் நட்டை மாதத்துக்கு ஒரு சுற்று இறுக்கிக்கொண்டே ஓட்டினேன். டயரிலும் பட்டன் போய்விட்டிருந்தது. ஐப்பசியின் முதல் மழையில், வளைவில் ஒரு நாய் குறுக்கே வந்தது. மிதித்தேன், வண்டி நிற்கவில்லை. விழுந்ததில் எனக்குச் சிராய்ப்பு மட்டும்தான். பின்னால் உட்கார்ந்திருந்த என் மனைவிக்கு மணிக்கட்டு முறிந்து, ஆறு வாரம் மாவுக்கட்டு. அந்த ஆறு வாரமும் அவள் இடது கையால் சாப்பிட்டதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன்பிறகு இந்த வேலையை ஒருநாளும் தள்ளிப்போட்டதில்லை.

டைட் வைப்பது பிரேக் ஷூ, அதாவது டிரம்முக்குள் உரசி வண்டியை நிறுத்தும் கட்டை, தேய்ந்ததை மறைக்கும், அவ்வளவுதான். தேய்ந்துவிட்டதா என்று பார்க்கச் சக்கரத்தைக் கழற்றத் தேவையில்லை. பின்சக்கரத்தின் நடுவில், பிரேக் ராடு வந்து சேரும் இடத்தில் ஒரு சின்னக் கை இருக்கும். அதன் அடியில் ஓர் அம்புக்குறி. அதை ஒட்டி டிரம் மூடியில் ஒரு குறி வார்த்திருப்பார்கள். சேறு அப்பியிருக்கும், பழைய டூத் பிரஷால் தேய்த்தால் தெரியும். ஒருவர் பிரேக்கை முழுக்க மிதிக்க, இன்னொருவர் குனிந்து பார்க்க வேண்டும். அம்பு அந்தக் குறியைத் தொட்டால் ஷூவின் ஆயுள் முடிந்தது. முன்சக்கரத்திலும் இதே மாதிரி பாருங்கள்.

சக்கரம் கழற்றிப் பழக்கம் இல்லையென்றால் மெக்கானிக்கிடம் விடுங்கள். ஆனால் வியாழன் காலையிலேயே போய்விடுங்கள். சாயங்காலம் அவர்களும் பட்டறையைக் கழுவிப் பொட்டு வைக்கத் தொடங்கிவிடுவார்கள். பூஜைக்கு வைத்த ஸ்பேனரை மறுநாள் பூஜை முடியும்வரை எடுக்கமாட்டார்கள். நீங்களே மாட்டுவதானால் டிரம்முக்குள் இருக்கும் தூசியை வாயால் ஊதாதீர்கள். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

ஆயில் மாற்றுவது அரைமணி நேர வேலை. எஞ்சினை இரண்டு நிமிடம் ஓடவிட்டு, அடியில் உள்ள போல்ட்டைப் பதினேழாம் நம்பர் ஸ்பேனரால் திறந்து வடியவிடுங்கள். திரும்பப் பூட்டும்போது புது வாஷர் போடுங்கள், பலத்தைக் காட்டாதீர்கள். அலுமினியத்தில் மரை போனால் பெரிய செலவு. புது ஆயிலை ஊற்றி அளவு பார்க்கும்போது, ஆயில் மூடியோடு இருக்கும் அளவுக் குச்சியைத் திருகாமல் சும்மா வைத்து எடுக்க வேண்டும். செயின் கவரில் ஒரு ரப்பர் மூடி இருக்கும். அதைத் திறந்து செயினை விரலால் தூக்கிப் பாருங்கள். மேலும் கீழுமாக இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் ஆடினால் சரி.

வடித்த ஆயிலைத் தென்னைக்கு ஊற்றாதீர்கள். அப்பா காலத்தில் எல்லோரும் செய்ததுதான், அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் கறுப்பில் எஞ்சின் தேய்ந்த உலோகத்தூளும் எரிந்த எண்ணெயின் நஞ்சும் இருக்கின்றன. தென்னையின் உயிர்வேர் பெரும்பாலும் அடிமரத்தைச் சுற்றி இரண்டு மீட்டருக்குள்தான். மண்புழு சாகும், மழையோடு இறங்கிக் கிணற்றுக்கும் போகும். கேனில் பிடித்து மெக்கானிக் கடை பீப்பாயில் சேர்த்துவிடுங்கள். கரையானுக்கு, மண்பூச்சைச் சுரண்டிவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீரில் 50 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்பும் கலந்து, அடியிலிருந்து இரண்டு மீட்டர் உயரம் வரை மரத்தில் பூசுங்கள்.

கஜா புயல் அடித்த 2018 நவம்பரை உங்கள் ஊருக்கு நான் நினைவுபடுத்த வேண்டியதில்லை. சனிக்கிழமை மரம் ஏறுபவரை அழைத்துக் காய்ந்த மட்டையையும் முற்றிய காயையும் இறக்கிவிடுங்கள். பச்சை ஓலையில் கை வைக்க வேண்டாம். மேலே இருக்கும்போதே வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம், குருத்தை ஒட்டிய மூன்று மட்டை இடுக்குகளில் போடச் சொல்லுங்கள். காண்டாமிருக வண்டுக்கு அது நல்ல காப்பு. ஏறுகூலி ஒரே தடவையோடு முடியும். முருங்கையை ஞாயிறு காலை தயங்காமல் வெட்டுங்கள். ஒடித்து வளர்க்க வேண்டிய மரம் அது, ஓட்டை உடைத்துக்கொண்டு விழுவதற்கு முன் நாமே குறைத்துவிடலாம். கிளை கரண்ட் கம்பி பக்கம் போயிருந்தால் மட்டும் நீங்கள் தொடாதீர்கள், மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள்.

பிரேக் விஷயத்தில் வியாழன் வரை காத்திருக்காதீர்கள். இன்றைக்கே அப்பாவுக்குப் போன் போட்டு, பக்கத்துவீட்டுப் பையனை மிதிக்கச் சொல்லி அம்பைப் பார்க்கச் சொல்லுங்கள். குறியைத் தொட்டிருந்தால் நீங்கள் வந்து இறங்கும்வரை அவர் டவுன் பஸ்ஸில் போகட்டும்.