இரண்டு ரைஸ் குக்கர் இருந்த வீடு

ஐயா, வணக்கம்.

நியூ ஜெர்சியில் ஒரு கொரிய அமெரிக்கக் குடும்பத்தின் வீட்டு மாடியில் மூன்று வருடம் குடியிருந்ததைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். என் மகன் அங்கே ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறான். பெண்ணின் அம்மா கொரியா, அப்பா வெள்ளைக்காரர். பிப்ரவரியில் அவளைக் கும்பகோணத்துக்குக் கூட்டிக்கொண்டு வருகிறான். நாங்கள் சைவம், பையன் முட்டை வரை போய்விட்டான். ஆறு மாதமாகக் கொரியத் தொடர்களைப் பார்த்துத் தள்ளுகிறேன், நோட்டு போட்டுக் குறிப்பு வேறு எடுக்கிறேன். கிம்ச்சி வாங்கி ருசி பார்த்தேன், நம் ஊறுகாய் மாதிரிதான் இருக்கிறது. அவர்கள் வீட்டில் நிஜமாக என்னதான் சமைப்பார்கள்? நான் என்ன செய்து போட வேண்டும்? அவர்களும் அம்மா அப்பா என்றுதான் கூப்பிடுவார்களாமே, ஒருவகையில் நம்ம ஜனம்தானோ?

பெயர் போட வேண்டாம்.
ஒரு அம்மா, கும்பகோணம்

அன்புள்ள அம்மா,

முதலில் அந்த நோட்டை மூடி வைத்துவிடுங்கள். தொடரில் நீங்கள் பார்ப்பது இன்றைய சியோல். அந்தப் பெண் வளர்ந்தது அங்கே இல்லை. அவள் வளர்ந்த வீட்டை நான் பார்த்ததில்லை, நான் குடியிருந்த வீட்டை வைத்துத்தான் சொல்ல முடியும், ஆனால் அங்கேயும் ஆள் கணக்கு கிட்டத்தட்ட இதேதான்: பாட்டி, பாட்டியின் மகள், ஒஹையோவிலிருந்து வந்த வெள்ளைக்கார மருமகன், இரண்டு பிள்ளைகள். ஊர் பாலிசேட்ஸ் பார்க். 2010 கணக்கெடுப்பிலேயே பாதிக்கு மேல் கொரியர்கள், பிராட் அவென்யூவில் நடந்தால் கடைப் பலகைகளில் ஆங்கிலத்தைத் தேட வேண்டும்.

அந்த வீட்டில் இரண்டு ரைஸ் குக்கர் இருந்தது. வந்த புதிதில், ஒன்று கொரியர்களுக்கு, ஒன்று அமெரிக்கருக்கு என்று நானே முடிவு கட்டிவிட்டேன். அப்படி இல்லை. ஒன்று பாட்டிக்கு, மற்றது மகளுக்கு. மகள் உடம்புக்கு நல்லது என்று அரிசியோடு பார்லி, கறுப்பரிசி, பீன்ஸ் எல்லாம் கலந்து வைப்பார், இப்போது சியோலிலும் நிறையப் பேர் அப்படித்தான் சாப்பிடுகிறார்கள். பாட்டி அதைத் தொடமாட்டார். அவர் கொரியாவை விட்டுக் கிளம்பியது 1970களின் கடைசியில். 1965ல் அமெரிக்கா குடியேற்றச் சட்டத்தை மாற்றிய பிறகு போய்ச் சேர்ந்த பல்லாயிரம் குடும்பங்களில் ஒன்று. அவர் வளர்ந்த கொரியாவில் அரிசிக்குத் தட்டுப்பாடு, வெறும் அரிசிச் சோறு சாப்பிடாதே, பார்லி கலந்து சாப்பிடு என்று அரசாங்கமே சொன்ன காலம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்லி கலந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். தம்பியின் டப்பாவில் மேலே மட்டும் பார்லியைப் பரப்பி, அடியில் வெள்ளைச் சோற்றை ஒளித்து வைத்து அனுப்பியதைப் பாட்டி சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்டவரிடம் போய் அமெரிக்காவில் காசு கொடுத்து வாங்கிய பார்லியை நீட்டினால்? நம் பாட்டிகளிடம் கேழ்வரகுக் களியை ஆரோக்கிய உணவு என்று நீட்டினால் என்ன முகம் காட்டுவார்களோ அதேதான்.

இதில் மருமகன் யார் பக்கம் என்று கேட்பீர்கள். அவர் பாட்டி பக்கம். சுடச்சுட வெள்ளைச் சோற்றில் ஒரு துண்டு வெண்ணெயைப் போட்டு, சோயா சாஸ் ஊற்றிப் பிசைந்து சாப்பிடுவார். கல்யாணமான புதிதில் முதல் தடவை அப்படிச் செய்துவிட்டு மாமியார் என்ன சொல்வாரோ என்று பயந்தாராம். பாட்டி அதைப் பார்த்துவிட்டுத் தன் கிண்ணத்திலும் ஒரு துண்டு போடச் சொன்னாராம். சின்ன வயதில் மார்கரின் போட்டு அவர் சாப்பிட்ட சோறு அது!

அப்புறம் ஸ்பாம். டின்னில் அடைத்த பன்றி இறைச்சி, உங்களுக்கு ஆகாது, ஆனால் அந்தக் குடும்பத்தைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல சாமான் கிடையாது. கொரியப் போருக்குப் பிறகு அமெரிக்க ராணுவ முகாம்களிலிருந்து வெளியே வந்த ஸ்பாமையும் சாசேஜையும் கிம்ச்சியோடு போட்டுக் கொதிக்க வைத்த ஒரு குழம்பு இருக்கிறது, பூதே ஜிகே என்று பெயர். பூதே என்றால் படைப்பிரிவு. அதற்குப் பேர்போன ஊர் உய்ஜொங்பு, சியோலுக்கு வடக்கே அமெரிக்க முகாம்கள் இருந்த இடம். மருமகனுக்கோ ஸ்பாம் என்றால் மாதக் கடைசி, கையில் காசில்லாத நாளில் அவருடைய அம்மா வறுத்துப் போடுவது. பள்ளியில் சொல்லிக்கொள்ள வெட்கப்பட்ட சாப்பாடு. முதல் தடவை அறுவடைப் பண்டிகைக்குச் சியோல் போனபோது மனைவியின் சித்தப்பா அழகான பெட்டியில் வரிசையாக ஸ்பாம் டின் அடுக்கிப் பரிசாகக் கொடுத்திருக்கிறார். தன்னைக் கேலி செய்கிறார்கள் என்று நினைத்து மனிதர் முகம் சிவந்துபோய் உட்கார்ந்திருந்தாராம். அங்கே அது நிஜமாகவே கௌரவமான பண்டிகைப் பரிசு, நம் தீபாவளி ஸ்வீட் பாக்ஸ் மாதிரி.

சரி, கிம்ச்சிக்கு வருகிறேன். ஊறுகாய் மாதிரி என்று எழுதியிருக்கிறீர்கள். வாங்கிய பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்தீர்களா? வழக்கமான கிம்ச்சியில் உப்பில் ஊறிய இறாலோ மீன் சாறோ, பெரும்பாலும் இரண்டுமோ, விழும். முட்டைக்கோஸ்தானே என்று நம்பிச் சாப்பிட்ட சைவக்காரர்கள் எத்தனை பேர்! மீன் சேராத கிம்ச்சியும் உண்டு. கொரியாவில் உள்ள புத்த மடங்களில் மீன் மட்டுமல்ல, பூண்டு வெங்காயம்கூடச் சேர்க்க மாட்டார்கள்.

அது புளித்துக்கொண்டே இருக்கும் பண்டம், டப்பாவைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று வரும், பக்கத்தில் இருக்கிற பால், கேக் எல்லாவற்றிலும் வாசம் ஏறும். அதனால் கிம்ச்சிக்கென்றே தனி ஃபிரிட்ஜ், உள்ளே பூஜ்யம் டிகிரியை ஒட்டிய குளிர். மண்ணில் ஜாடியைப் புதைத்து வைத்தவர்கள் அடுக்குமாடிக்குக் குடிபோனபோது வந்த ஏற்பாடு, 1990களில் கொரியாவில் வீட்டுக்கு வீடு வர ஆரம்பித்தது. இந்த வீட்டில் அதை வாங்கிக் கொடுத்தவர் மருமகன். பாட்டி அதை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்படுவார். அவர் வாங்கியது தன்னுடைய ஐஸ்கிரீமைக் காப்பாற்ற. அதை அவர் என்னிடம் சொன்னார், பாட்டியிடம் சொல்லவில்லை.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை கிம்ச்சி போட நானும் போய் உட்கார்ந்தேன். ராத்திரியே உப்பில் போட்டுத் துவண்ட முட்டைக்கோஸின் ஒவ்வொரு இலையையும் தூக்கி, நடுவில் மிளகாய்த்தூள் விழுதைத் தடவ வேண்டும். நான் அதிகம் தடவுகிறேன் என்று கையில் ஒரு அடி. நடுவே பாட்டி உள்ளிருக்கிற மஞ்சள் இலை ஒன்றைக் கிள்ளி, விழுதை வைத்துச் சுருட்டி, கேட்காமலே என் வாயில் திணித்தார். ஊறுகாய் போட்ட சட்டியில் சூடான சோற்றைப் போட்டுத் துடைத்து, எங்கள் ஆத்தா உருட்டிக் கொடுக்கும் அந்தக் கடைசி உருண்டை ஞாபகம் வந்தது.

அம்மா அப்பா விஷயம். 'ஒம்மா', 'அப்பா' என்று கூப்பிடுவது உண்மை. ஆனால் உதடு ஒட்டிப் பிரிந்தால் குழந்தைக்கு வருகிற சத்தம் அதுதான், உலகத்தில் பாதி மொழியில் இப்படி ஏதோ ஒன்று இருக்கும், இதை வைத்து ஜனம் கொண்டாட வேண்டாம். எனக்கு வேறொன்றுதான் பிடித்திருந்தது. கொரியர்கள் 'என் அம்மா', 'என் வீடு' என்று சொல்வதில்லை. 'உரி ஒம்மா', அதாவது எங்கம்மா, எங்க வீடு. ஒற்றைப் பிள்ளையாக இருந்தாலும் எங்கம்மாதான். ஆங்கிலம் பேசும் அந்தப் பிள்ளைகள் வீட்டுக்குள் இதை மட்டும் விடாமல் வைத்திருந்தார்கள். அவர்களுடைய அப்பாவுக்கு இன்றுவரை அது வேடிக்கை. உங்களுக்கு வேடிக்கையாக இருக்காது.

அவருக்கு இன்னொன்றும் புரிய நாளானது. கொதிக்கிற சூப்பை ஒரு வாய் குடித்துவிட்டுப் பாட்டி "ஷிவொன்ஹதா" என்பார். குளுகுளுவென்று இருக்கிறது என்று அர்த்தம். நெஞ்சுக்கு இதம் என்கிறார். மருமகன் சூப் ஆறிவிட்டது என்று நினைத்து எடுத்துக்கொண்டுபோய் மைக்ரோவேவில் வைத்திருக்கிறார், அதுவும் இரண்டு தடவை. உங்கள் ரசத்தைக் குடித்துவிட்டு அந்தப் பெண் அப்படி ஏதாவது சொன்னால் பதறாதீர்கள்.

சமையலைப் பொறுத்தவரை, கொரியச் சாப்பாடு எதுவும் செய்யாதீர்கள். நீங்கள் எப்படிச் செய்தாலும் அவள் பாட்டி கை வராது. உங்கள் வீட்டுச் சாப்பாட்டையே போடுங்கள். நம் அரிசி உதிர்உதிராக இருப்பது அவளுக்குப் புதிதாக இருக்கும், அங்கே குட்டை அரிசி, ஒட்டிக்கொள்ளும். அவர்கள் சோற்றையே ஸ்பூனால்தான் சாப்பிடுவார்கள், அதனால் பக்கத்தில் ஒரு ஸ்பூன் வையுங்கள். பந்தியில் கத்திரிக்கோல் கேட்டாலும் ஆச்சரியப்பட வேண்டாம், அவர்களுக்கு நூடுல்ஸ், கிம்ச்சி எல்லாம் வெட்ட அதுதான். சாப்பிட்டு முடித்ததும் பழம் நறுக்கிக் கொடுங்கள், முழுசாகக் கொடுக்காதீர்கள்.

அப்புறம், பிப்ரவரி என்கிறீர்கள். அவர்களுடைய சாந்திரப் புத்தாண்டு ஜனவரி இருபத்தொன்றுக்கும் பிப்ரவரி இருபதுக்கும் நடுவில் எப்போதாவது வரும். அன்றைக்கு வீட்டில் இருந்தால், பெரியவர்கள் முன்னால் மண்டியிட்டுத் தலை குனிந்து கும்பிடுவது அவர்கள் வழக்கம். பாட்டி சொல்லி அனுப்பியிருந்தால் அவள் உங்கள் முன்னாலும் விழுவாள். கும்பிட்டவர்களுக்குக் காசு கொடுக்க வேண்டும், அதுவும் சலவை நோட்டாக. பேங்கில் முன்கூட்டியே கேட்டு வாங்கி வைத்துவிடுங்கள்.

அன்புடன்,
நான்