வேதியியல் கேள்வி – பதில்

கேள்வி: கரிமச் செய்முறை வகுப்பில் யூரியாவுக்கு லாசைன் சோதனை (சேர்மத்தைச் சோடியத்தோடு உருக்கி, நீரில் சாறு எடுத்து, நைட்ரஜன், குளோரின் போன்றவை உண்டா என்று பார்ப்பது) செய்தேன். நைட்ரஜனுக்குரிய நீலம் வராமல் அழுக்குப் பச்சைக் குழம்புதான் நின்றது. அதே சோடியம் சாற்றில் நைட்ரிக் அமிலமும் சில்வர் நைட்ரேட்டும் விட்டால் குளோரினுக்குரிய வெள்ளை வீழ்படிவு! யூரியாவில் குளோரின் ஏது?
– பி.எஸ்சி. முதலாமாண்டு மாணவி, தஞ்சாவூர்

பதில்: அந்த வெள்ளைதான் உங்களுக்குச் சாதகமான சாட்சி. வாலை வடிநீரில் சாறு எடுத்திருந்தால் அது சில்வர் சயனைடாகத்தான் இருக்கும். (குழாய்த் தண்ணீர் என்றால் பேச்சே இல்லை, அதிலுள்ள குளோரைடே வெள்ளை காட்டிவிடும்.) அம்மோனியா விட்டுப் பார்த்தும் பயனில்லை, சில்வர் குளோரைடைப் போல இதுவும் கரைந்துவிடும். நைட்ரிக் அமிலம் சேர்த்து, சாறு பாதியாக வற்றும்வரை கொதிக்கவிட்ட பிறகே சில்வர் நைட்ரேட் விட வேண்டும். அப்போது சயனைடு முழுதும் ஹைட்ரஜன் சயனைடு என்ற நச்சு வாயுவாக வெளியேறிவிடும். ஆய்வகத்தின் புகை உறிஞ்சும் கூண்டுக்குள் (fume hood) மட்டும் செய்யுங்கள்.

சயனைடு உண்டாகியிருக்கிறது என்றால் சோடியத்தோடு உருக்கியதில் குறையில்லை. பச்சைக் குழம்பு ஃபெரஸ் ஹைட்ராக்சைடு. சாறு காரத்தன்மை கொண்டது, நீங்கள் விட்ட அமிலம் அதற்குப் போதவில்லை. நீலம் குழம்புக்குள் மறைந்து கிடக்கிறது. 1 மி.லி. சாற்றில் ஒரு சிட்டிகை ஃபெரஸ் சல்பேட் போட்டு ஒரு நிமிடம் கொதிக்கவிடுங்கள். காற்று பட்டு ஃபெரஸ் இரும்பில் (Fe²⁺) கொஞ்சம் ஃபெரிக் (Fe³⁺) ஆகும். நைட்ரஜனைக் காட்டும் அந்தப் பிரஷ்யன் நீலத்துக்கு அதுவும் வேண்டும். ஆறியதும் நீர்த்த கந்தக அமிலத்தைக் குழம்பு கரையும்வரை சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேண்டாம்: ஃபெரிக் குளோரைடின் மஞ்சள் நீலத்தோடு சேர்ந்து பச்சையாகக் காட்டும். ஐயமிருந்தால் வடிதாளில் ஊற்றித் தாளைக் கழுவிப் பாருங்கள். மடிப்பின் நுனியில் நீலம் ஒட்டியிருக்கும்.

ஃபெரஸ் சல்பேட் படிகம் பழுப்பேறியிருந்தால் அந்தப் புட்டியையே தொடாதீர்கள். சாறு பழுப்பாக இருந்தாலோ உருக்கல் அரைகுறை. குழாயின் அடி செக்கச்செவேலென்று ஆகி இரண்டு நிமிடம் நிற்க வேண்டும்.

கேள்வி: மறுபடிகமாக்கிய பென்சாயிக் அமிலம் 122 டிகிரியில் உருகாமல் 115இல் தொடங்கி 119 வரை இழுக்கிறதே?
– மாணவர், மதுரை

பதில்: ஈரம். வடிதாளில் அழுத்தி ஒற்றிவிட்டு, ஒரு நாள் காற்றாட விட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் இழுத்தால் மாசு போகவில்லை, இன்னொரு முறை வெந்நீரில் கரைத்து மெல்ல ஆறவிடுங்கள். அவசரப்பட்டு ஐஸில் வைத்தால் படிகம் மாசையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். உருகுநிலை பார்க்கும்போது 110ஐத் தாண்டியதும் சூடு நிமிடத்துக்கு 1 அல்லது 2 டிகிரிக்கு மேல் ஏறக் கூடாது.